அழிந்துபோன யாழுக்கு கணக்குப் போட்ட துறவி... யார் இந்த விபுலானந்தர்?

கீபோர்டில் ச-க-ப மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. அடுத்து, கீழே இருக்கும் 'ச'வை மேலே தூக்கி வச்சுப் பாருங்க. ஸ்வரங்கள் அதே மூணுதான், ஆனா ஒலிக்கிற விதம் வேற. மேற்கத்திய இசையில் இதுக்குப் பேர் இன்வர்ஷன்.

பழந்தமிழ் இசை இன்னும் ஒரு படி மேலே போனது. சங்கராபரணத்தின் ஸ்வரங்களை மாற்றாமல் 'ரி'யையே 'ச'வாக வைத்துப் பாடினால் கரகரப்பிரியா கிடைக்கும். இதுதான் பண்ணுப்பெயர்த்தல். சிலப்பதிகாரம் இதைச் சொல்கிறது. ஆனால், வாசித்துக் காட்ட வேண்டிய யாழ்தான் வழக்கொழிந்துவிட்டது.

அந்த யாழைத் தேடிப் போனவர் விபுலானந்தர். 1892-ல் இலங்கை மட்டக்களப்பு பகுதியின் காரைதீவில் பிறந்தார், இயற்பெயர் மயில்வாகனன். லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்சி., மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் என இரண்டு பட்டமும் பெற்றவர். 1924-ல் ராமகிருஷ்ண மிஷன் துறவியானார்.

1931-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியர் பற்றி வரும் வரிகளை எடுத்துக்கொண்டு, நரம்புகளின் சுருதி அளவுகளைக் கணிதத்தால் கண்டறிய முயன்றார். பல ஆண்டு உழைப்பில் உருவானதே 'யாழ் நூல்'.

1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்டது. அடுத்த ஆறே வாரத்தில், ஜூலை 19-ம் தேதி விபுலானந்தர் காலமானார்.

தமிழிசை ஆய்வுக்கு இன்றைக்கும் யாழ் நூல்தான் முக்கிய வாசல்.