தொழில் மேதை ஜி.டி. நாயுடுவும் எங்கள் ஆம்ப்ளிஃபயரும்

முன்னுரை

இது விஞ்ஞான யுகம். விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது. பொத்தானை அமுக்கினால் பாட்டு ஒலிக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்? எந்தப் பொருளைக் கண்டாலும் பிரித்துப் பார்க்க வேண்டும், பார்த்தபின் அதைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் முனைந்து நின்ற தமிழர் ஒருவர் உண்டு. அவரே கோவை தந்த தொழில் மேதை ஜி.டி. நாயுடு. அன்புத் தோழியரே! அவருடைய வரலாற்றை நாங்கள் நூலகத்தில் தேடிச் சென்று அறியவில்லை. எங்கள் தோல்வி ஒன்றே எங்களை அவரிடம் அழைத்துச் சென்றது. அந்தக் கதையை முதலில் கூறிவிடுகிறோம்.

பரணில் கிடந்த வானொலி

இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று பத்தாம் வகுப்பு மாணவியர் நாங்கள் ஐவர் கூடிப் பேசினோம். எங்களுள் ஒருத்தி ஆலயப் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பவள். அறுபது குரல்கள் சேர்ந்து எழும்போது அவளது கிதாரின் ஓசை காணாமற் போய்விடும். மற்றொருத்தியின் பாட்டனார் வீட்டுப் பரணில், தருமபுரிக்கு அருகிலுள்ள கிராமம் ஒன்றில், ஒரு பழைய வால்வு வானொலி பல்லாண்டுகளாகப் பாடாமல் கிடந்தது. அதைக் கொண்டு கிதாருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்யலாம் என்று எங்கள் இயற்பியல் ஆசிரியையான சகோதரி யோசனை கூறினார்கள். எங்கள் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அந்த மகிழ்ச்சி இல்லை. பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் பெண்பிள்ளைகளுக்கு இந்த வேலை எதற்கு என்று எங்கள் தாய்மாரில் ஒருவர் வருத்தப்பட்டார். சனிக்கிழமை பிற்பகல் மட்டும் என்று வாக்குக் கொடுத்த பிறகே அனுமதி கிடைத்தது.

பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஐந்து கண்ணாடி வால்வுகள் இருந்தன. முதல் இரண்டும் வான் அலையைப் பிடித்து, வேண்டிய நிலையத்தைப் பிரித்தெடுப்பவை. மூன்றாவது, அந்த அலையிலிருந்து ஒலியைப் பிரித்துச் சற்றே பெருக்குகிறது. நான்காவதான ஈ.எல். 84 என்னும் வால்வு அதை ஒலிபெருக்கியை அதிரவைக்கும் அளவுக்கு வலுப்படுத்துகிறது. ஐந்தாவது, வீட்டு மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக ஆக்கி மற்றவற்றுக்கு உணவூட்டுகிறது. கிதாருக்கு வான் அலை தேவையில்லை. ஆகவே முதல் இரண்டையும் ஒதுக்கிவிட்டால், எஞ்சிய மூன்றுமே ஓர் ஆம்ப்ளிஃபயர்! இதைக் கண்டபோது நாங்கள் அடைந்த வியப்பு பெரிது.

வால்வு எவ்வாறு ஒலியைப் பெருக்குகிறது? 1904-இல் ஆம்புரோஸ் பிளெமிங் என்பவர் இரு முனைகள் கொண்ட வால்வை உருவாக்கினார். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையை வைத்தார். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழலுக்குள் சூடேறிய எதிர்முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் நேர்முனைத் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் நிற்கும் வலை, வயலின் மடைவாய் போன்றது. மடையில் ஒரு கூடை மண்ணை வைத்தும் எடுத்தும் வாய்க்கால் நீர் முழுவதையும் உழவர் கட்டுப்படுத்துகிறார் அல்லவா? அவ்வாறே கிதார்க் கம்பியின் அதிர்வால் எழும் சிறு மின்னழுத்தம், வலையில் நின்று பெரிய மின்னோட்டத்தை ஏற்றி இறக்குகிறது. 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்த பின் வானொலிகளிலிருந்து வால்வுகள் மெல்ல மெல்ல மறைந்தன. எனினும் கிதார் வாசிப்போர் பலர் அதன் இனிய ஒலிக்காக இன்றும் வால்வையே விரும்புகின்றனர்.

ஆறு சனிக்கிழமைகள் உழைத்தோம். வறண்டுபோன மின்தேக்கிகளை நீக்கிப் புதியவற்றை வைத்தோம். கிதாருக்கு ஒரு காந்தப் பிக்கப் வாங்கினோம். எல்லாவற்றையும் இணைத்து, சகோதரி அவர்கள் சரிபார்த்து விசையைப் போட்டார்கள். வால்வுகள் செந்நிறமாக ஒளிர்ந்தன. ஆனால் கிதாரின் ஓசை வரவில்லை. தேன்கூட்டைக் கலைத்தாற்போல் ஓர் இரைச்சல் மட்டுமே வந்தது. கண்காட்சிக்கு இன்னும் மூன்றே வாரங்கள் இருந்தன. விட்டுவிடலாம், தெர்மோகோலில் ஒரு மாதிரி செய்து வைத்துவிடலாம் என்று எங்களுள் மூவர் கூறினர். அப்போது சகோதரி அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. எங்களை உட்காரவைத்து, ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையைச் சொன்னார்கள்.

பிறப்பும் இளமையும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவரது முழுப்பெயர். கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடுகிறதே! அது எவ்வாறு ஓடுகிறது என்ற கேள்வி அவரை உறங்கவிடவில்லை.

கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். மூன்றாண்டுகள் காசைச் சேர்த்து அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். மீண்டும் ஒவ்வொன்றாகப் பூட்டினார். வண்டியைப் பிரிப்பது எளிது. பிரித்ததைப் பழையபடி ஓடச் செய்வதே கல்வி. கற்பிக்க ஆள் இல்லாத அந்த இளைஞருக்கு அந்த வண்டியே ஆசானாயிற்று. அவர் கைதேர்ந்த இயந்திர வல்லுநர் ஆனார்.

பேருந்துத் தொழில்

1920-இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு வண்டி யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. 1933-ஆம் ஆண்டில் அதனிடம் 280 பேருந்துகள் இருந்தன. பரிமாறுபவராக வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவர் பதின்மூன்றே ஆண்டுகளில் அடைந்த உயர்வு இது! பலர் இத்துடன் மனநிறைவு அடைந்திருப்பர். நாயுடுவுக்கோ பிரித்துப் பார்க்க வேண்டிய பொருள்கள் உலகில் இன்னும் நிறைய இருந்தன.

கண்டுபிடிப்புகள்

1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்தது, ஆனால் மோட்டாருக்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. 1937-இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினர். இன்று கோவையின் மோட்டார்களும் பம்பு செட்டுகளும் நாடெங்கும் செல்கின்றன. நம் தருமபுரி மாவட்டத்துக் கிணற்றுமேட்டில் ஒரு மோட்டார் ஓடுகிறதென்றால், அதன் பின்னே இத்தகையோரின் உழைப்பும் இருக்கிறது.

ஐரோப்பிய நாடுகளுக்கும் அவர் பயணம் செய்தார். 1936-இல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவில் படமெடுத்தார். உலர்ந்த மின்கலத்தால் இயங்கும் ரேசண்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் மின்விசிறி, மோசடி செய்ய இயலாத வாக்குப் பதிவு இயந்திரம் என அவர் உருவாக்கியவை பல. தம் தோட்டத்தில் பருத்தியிலும் பப்பாளியிலும் புது வகைகளை வளர்த்தார். அதைக் காண சர் சி.வி. இராமனும் விசுவேசுவரய்யாவும் வந்தனர்.

எழுபது ரூபாய் வானொலி

எங்கள் கதைக்கு நெருங்கியது இனி வருவதுதான். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கப்பட்டன. தமிழ் நிகழ்ச்சிகள் காற்றில் மிதந்து வந்தன. ஆனால் கேட்பதற்குப் பெட்டி வேண்டுமே! வெளிநாட்டு வானொலிப் பெட்டிகள் செல்வர் வீட்டு வரவேற்பறையில் மட்டுமே இருந்தன. இந்நிலையில் 1941-இல் நாயுடு, ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை எழுபதே ரூபாயில் இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று அறிவித்தார்.

ஐந்து வால்வுகள்! எங்கள் பரண் வானொலியிலும் அதே ஐந்து. இதைக் கேட்டதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கேட்டது ஒரே கேள்விதான். இந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன, அதை நாமே செய்தால் என்ன விலையாகும் என்பதே அது. 1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாயில் செய்துகாட்டியதும் இதே எண்ணத்தால்தான். அரசின் உரிமம் கிடைக்காமையால் அந்தக் கார் பெருகவில்லை. அவர் செய்தவை எல்லாம் வெற்றி பெறவில்லை. ஆயினும் ஒன்று நின்றுபோனால் அடுத்ததைத் தொடங்கினார். சாமானியருக்கும் எட்டும் விலையில், நம்மவர் கையால் என்ற கொள்கையை மட்டும் அவர் கைவிடவில்லை.

கல்விப் பணி

பள்ளியை விட்டவர் கல்வியை வெறுத்தார் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. 1945-இல் அவரது நன்கொடையைக் கொண்டு ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. அக்கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அதன் முதல்வர் பொறுப்பையும் நாயுடு ஏற்றார். நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்பிக்க இயலும் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்காதபோது பதவியைத் துறந்தார். அவர் கருத்து சரியா, தவறா என்று சொல்ல எங்களுக்கு வயது போதாது. ஆனால் கையால் செய்யாத படிப்பு நீண்டுகொண்டே போகும் என்பதை எங்கள் ஆறு சனிக்கிழமைகளில் உணர்ந்தோம்.

1967-இல் கோவையில் தொழிற்காட்சி ஒன்றை நிறுவினார். 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், தமது எண்பதாம் வயதில் இயற்கை எய்தினார். 2025-இல் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மீண்டும் பூட்டினோம்

சகோதரி அவர்கள் சொல்லி முடித்ததும் தெர்மோகோல் பேச்சு அடங்கிவிட்டது. நாங்கள் செய்த இணைப்புகள் அனைத்தையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். தவறு எங்கள் கையில்தான் இருந்தது. வால்வுகளைச் சூடேற்றும் கம்பிகளைப் பின்னல் போல் முறுக்காமல், ஒலி வரும் கம்பிக்கு அருகிலேயே ஓடவிட்டிருந்தோம். புவி இணைப்பை ஆளுக்கொரு மூலையில் பற்றவைத்திருந்தோம். இம்முறை கம்பிகளை முறுக்கி ஓரமாக ஒதுக்கினோம். புவி இணைப்புகளையெல்லாம் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தோம். விசையைப் போட்டதும் அமைதி. தோழி ஒரு கம்பியை மீட்டினாள். ஏறத்தாழ ஐந்து வாட் ஆற்றல்தான். ஆனால் ஆய்வுக்கூடம் நிறைந்தது. எங்கள் கண்களும் நிறைந்தன.

இதைப் படித்துவிட்டு யாரும் தனியே இம்முயற்சியில் இறங்க வேண்டாம். வால்வுக் கருவிக்குள் 250 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம் உண்டு. செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் அது தங்கியிருந்து உயிரைப் பறிக்கக் கூடும். சகோதரி அவர்கள் அந்த மின்னூட்டத்தை இறக்கி, அளந்து பார்த்த பின்னரே எங்களைத் தொட அனுமதித்தார்கள்.

முடிவுரை

கண்காட்சி நாளன்று, முதலில் வருத்தப்பட்ட அந்தத் தாயும் வந்திருந்தார். கிதார் இசையைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் தம் மகளிடம், சூடேறாத இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொன்னாராம்! எங்களுக்குக் கிடைத்த முதல் பரிசு அதுவே என்று கருதுகிறோம்.

நாயுடு பள்ளியை விட்டார் என்பதை நாம் சாக்காகக் கொள்ளலாகாது. அவருக்குக் கிடைக்காத ஆய்வுக்கூடமும் ஆசிரியரும் நமக்குக் கிடைத்திருக்கின்றனர். அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது பொறுமை. பழுதென்று ஒதுக்கிய பொருளில் பாடம் இருக்கிறது. பிரித்ததைப் பூட்டும்வரை அப்பாடம் முடிவதில்லை. தோழியரே! நம் வீட்டுப் பரண்களிலும் எத்தனையோ பெட்டிகள் வாய் திறவாமல் கிடக்கின்றன. பெரியோரின் துணையுடன் அவற்றைத் திறப்போம். மீண்டும் பூட்டவும் கற்போம். வாழ்க ஜி.டி. நாயுடுவின் புகழ்!

— பத்தாம் வகுப்பு மாணவி