கை கொடுத்த மேரி வர்கீஸ் அம்மையார்

விசயதசமி நாளிலே குழந்தையின் சுட்டுவிரலைப் பற்றி, பரப்பிய அரிசியிலே அகரம் எழுதுவித்து ஏடு தொடக்குதல் யாழ்ப்பாணத்தார் மரபு. புத்தூரிலே ஆசிரியத் தொழில் பூண்ட யான் இவ்வாறு பற்றிய பிஞ்சு விரல்கள் பல. ஆயினும் விரல் மடங்கி நிமிர்வது எத்துணைப் பெரும்பேறு என்பதை யான் உணர்ந்தது வைத்திய கலாநிதி மேரி வர்கீஸ் அம்மையாரின் சரிதத்தைக் கற்ற பின்னரேயாம்.

அம்மையார் 1925ஆம் ஆண்டு கொச்சி நாட்டிலே செல்வக் குடியொன்றிற் பிறந்தார். வைத்தியங் கற்க விரும்பி வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரியை அடைந்தார். அவ்வேலூர் நமக்கு அயலூரன்று. 1819ஆம் ஆண்டு அமெரிக்காவினின்று கப்பலேறி வந்து, நம் பண்டத்தரிப்பிலே நோயாளருக்குத் தொண்டாற்றியவர் யோன் ஸ்கடர். அவருடைய பேர்த்தியாகிய ஐடா ஸ்கடர் அம்மையாரே 1900ஆம் ஆண்டு வேலூரிலே அவ்வைத்தியத் தொண்டைத் தொடங்கியவர்.

பட்டம் பெற்ற மேரி அம்மையார் மகளிர் வைத்தியத்திலே சிறப்புற எண்ணியிருந்தார். 1954ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் தோழரோடு உலாச் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாயிற்று. அவர் முகம் சிதைந்தது, முள்ளந்தண்டு ஊறுபட்டது, இடுப்பின் கீழே உணர்வும் அசைவும் ஒருங்கே ஒழிந்தன. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு. நிற்கவும் இயலாத ஒருவர் இனி எவ்வாறு வைத்தியராவார் என்ற வினா, படுக்கையிலே கிடந்த அவர் நெஞ்சை அரித்தது.

அவ்வினாவுக்கு விடை காட்டியவர், கொல்லிமலையிலே 1914ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேயரான போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீர்செய்வதிலே அவர் வேலூரிற் புதுவழி கண்டிருந்தார். கைக்குரிய சத்திரசிகிச்சையை அமர்ந்தவாறே செய்யலாம். ஆதலின் கால்கள் செயலற்றமை அதற்குத் தடையாகாது என்று அவர் அம்மையாரைத் தேற்றினார்.

அச்சிகிச்சையின் இயல்பை ஈண்டுச் சிறிது கூறுதல் தகும். தொழுநோய்க் கிருமி முழங்கையிலும் மணிக்கட்டிலும் செல்லும் நரம்புகளைத் தாக்குகிறது. அதனால் விரல்களை ஆளும் சிறு தசைகள் வலியிழக்கின்றன. விரல்கள் பருந்தின் உகிர்போல் வளைந்துவிடுகின்றன. நோவு தெரியாமையால் அடுப்பிற் சுட்டாலும் ஆணி கிழித்தாலும் நோயாளன் அறியான். புண் மேற் புண்ணாகி விரல் குறைகிறது. 1940களிலே டாப்சோன் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. நாடோறும் மாத்திரை உண்ணுதலை நோயாளர் மறப்பராதலின், ஒருமுறை ஏற்றினால் எழுபத்தைந்து நாளளவும் உடம்பிலே சிறிது சிறிதாகக் கசியும் ஊசிமருந்தொன்றும் 1960களிலே ஆராயப்பட்டது. மருந்து கிருமியை ஒடுக்கும். வளைந்த விரலை நிமிர்த்தாது. அதற்குக் கத்தியே வேண்டும். நோய் தீண்டாத தசையொன்றின் நாணை எடுத்து, வேறு வழியிற் செலுத்தி, செயலிழந்த தசையின் பணியை அதனிடம் ஒப்புவித்தலே அம்முறை. பின்னர்ப் பல கிழமை பயிற்சி செய்து, அப்பழைய தசை புதுத்தொழிலைக் கற்றல் வேண்டும். ஆசிரியனாகிய எனக்கு இது மிகவும் இனிக்கும் செய்தி. தசையுங்கூடப் பாடங் கற்கிறது!

அம்மையார் முதுகெலும்பை உறுதிசெய்யும் சிகிச்சைகளைப் பொறுத்து, சக்கர நாற்காலியில் அமரக் கற்றார். அதில் அமர்ந்தபடியே சத்திரசிகிச்சைக் கூடத்துட் புகுந்தார். சமூகம் ஒதுக்கிய தொழுநோயாளர், தம்மினும் மிக நலிந்த ஒருவர் தம் கையைப் பற்றித் திருத்துவதைக் கண்டு உள்ளந் தேறினர். மருந்தும் கத்தியும் தரமாட்டாத ஊக்கத்தை அந்நாற்காலி தந்தது.

எனினும் அம்மையார் அவ்வளவில் அமையவில்லை. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரஞ் சென்று, பிறர் துணையின்றி வாழும் வகையைப் பயின்றார். பின்னர் நியூயோர்க் சென்று, ஹவார்ட் ரஸ்க் என்பாரின் நிலையத்திலே புனர்வாழ்வு வைத்தியத்தை முறையாகக் கற்றார். 1960களின் தொடக்கத்திலே வேலூருக்கு மீண்டு அத்துறையின் தலைமையை ஏற்றார். அவர் முயற்சியால் 1966ஆம் ஆண்டு முள்ளந்தண்டு ஊறுபட்டோர் தங்கிப் பயிலும் புனர்வாழ்வு நிலையம் அங்கே எழுந்தது. இந்திய அரசு 1972ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1986ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இச்சரிதத்தை யான் ஈண்டு எழுதியதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரினாலே அங்கமிழந்தோரும் முள்ளந்தண்டு ஊறுபட்டோரும் நம் வடபுலத்திலே பலர். அவர்களைக் காணுந்தோறும் ஐயோ பாவம் என்று இரங்கி அப்பாற் செல்கிறோம். நம் பாடசாலைகளுள் எத்தனைக்குச் சக்கர நாற்காலி ஏறுதற்குரிய சரிவு வழி உண்டு? எத்தனை வாசிகசாலைகளின் வாயிற்படிகள் அவர்களைத் தெருவிலேயே நிறுத்திவிடுகின்றன? அன்று வேலூரார் மேரி அம்மையாருக்கு வேலையும் இடமும் வழங்கினர். வெற்று இரக்கத்தோடு நின்றிருப்பரேல், எத்தனையோ கைகள் மடங்கியபடியே மாய்ந்திருக்கும்.

மாணாக்கர்காள், ஊறுபட்ட ஒருவரைக் கண்டால் அவர் இழந்ததை எண்ணி நில்லாதீர். அவரிடம் எஞ்சியிருப்பதையும், அதற்கேற்ற பணி யாது என்பதையும் வினவுமின். மேரி அம்மையாரிடம் எஞ்சியிருந்தவை இரு கைகளே. அவை எத்தனையோ பேருக்குக் கையாயின.