நீர்த்துளியில் அணுவைக் கண்டவர்

குழந்தைகளே, சென்னை நொச்சிக்குப்பம் கடற்கரையில் மீனவர்கள் வலையை உதறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தெறிக்கும் நீர்த்துளி நீண்டும் குறுகியும் நடுங்கிக்கொண்டே விழும். கண்ணுக்கே தெரியாத அணுக்கருவும் அப்படி அதிரும் என்றால் நம்புவீர்களா? இந்த எண்ணத்துக்கு வழி வகுத்தவர்களில் முக்கியமானவர் விஞ்ஞானி நீல்ஸ் போர். (பெயர்தான் போர், மனிதர் பரம சாது!)

டென்மார்க் நாட்டில், கோபன்ஹேகன் நகரில் 1885 அக்டோபர் 7-ல் பிறந்தார். தம்பி ஹரால்டுடன் கால்பந்து ஆடுவார்; இவர் கோல்கீப்பர். கல்லூரி நாட்களில் அந்நாட்டு அறிவியல் கழகம் ஒரு போட்டி வைத்தது. நீரின் பரப்பு இழுவிசையை அளக்க வேண்டும். தந்தையின் ஆய்வுக்கூடத்தில், தானே செய்த கண்ணாடிக் குழாய்களிலிருந்து பீய்ச்சும் நீரின் அதிர்வை அளந்தார். பகலில் தெருவில் வண்டி ஓடினால் அளவு கெட்டுவிடும். அதனால் இரவெல்லாம் கண் விழித்தார். தங்கப் பதக்கம் கிடைத்தது.

1913-ல் அணுவின் அமைப்பை விளக்கினார். 1922-ல் நோபல் பரிசு பெற்றார். பிறகு 1930-களில், அணுக்கருவை ஒரு நீர்த்துளி போல நினைத்து ஆராய்ந்தார். இளமையில் அளந்த அதே நீர்தான்!

அப்போது ஹிட்லரின் படை டென்மார்க்கைப் பிடித்தது. போரின் தாய் யூதர். அதனால் இவரைக் கைது செய்யத் திட்டமிட்டார்கள். 1943 செப்டம்பரில் ஓர் இரவு, மனைவியுடன் படகில் சுவீடனுக்குத் தப்பினார். தான் பிழைத்தது போதும் என்று இருக்கவில்லை. சுவீடன் மன்னரைச் சந்தித்து, டென்மார்க் யூதர்களுக்கு அடைக்கலம் தரும்படி வேண்டினார்.

போருக்குப் பின் (இது சண்டைப் போர்!), அவருடைய மகன் ஆகே போரும் நண்பர் மோட்டல்சனும் ஆய்வைத் தொடர்ந்தார்கள். எர்பியம் போன்ற சில தனிமங்களின் கரு உருண்டை அல்ல; முட்டை போல நீண்டது. ஆற்றல் கிடைத்தால், உள்ளே இருக்கும் புரோட்டான்களும் நியூட்ரான்களும் கூட்டாகச் சேர்ந்து அதிரும், சுழலும். அடங்கும்போது காமா கதிரை வெளிவிடும். அந்தக் கதிரின் ஆற்றலை அளந்தால், கரு எப்படி அதிர்ந்தது என்று கணக்கிடலாம். மண்பானை வாங்கும்போது பாட்டி தட்டிப் பார்த்து, ஓசையை வைத்தே கீறல் உண்டா என்று சொல்லிவிடுவாரே, அது போலத்தான்.

1960-ல் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தார். நொச்சிக்குப்பத்துக்கு அருகிலுள்ள மயிலாப்பூரில், பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தார். அந்தச் சிறு குழுவைப் பார்த்து போர் வியந்து பாராட்டினார். செய்தி பிரதமர் நேரு வரை போனது. 1962 ஜனவரி 3-ல், மெரினா எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இப்போது அது தரமணியில் இருக்கிறது.

அதே ஆண்டு நவம்பர் 18-ல் போர் காலமானார். கருவின் அதிர்வை ஆராய்ந்ததற்காக ஆகே போர், மோட்டல்சன், ரெயின்வாட்டர் மூவருக்கும் 1975-ல் நோபல் பரிசு கிடைத்தது.