நெகேமியா: ஜெபித்துக் கட்டிய ஆளுநர்

நெகேமியாவை நாங்கள் வேதபாடத்தில் படித்த காலத்தில் எங்களுக்குக் கட்டடம் இருக்கவில்லை. இடம்பெயர்ந்த இடத்தில், பாலைமர நிழலில், கிடுகுக் கொட்டிலில் பாடசாலை நடந்தது. எருசலேமின் வாசல்களின் பெயர்களை ரீச்சர் மனனம் செய்வித்தார். ஆட்டு வாசல், மீன் வாசல், பழைய வாசல், பள்ளத்தாக்கு வாசல், குப்பைமேட்டு வாசல், ஊருணி வாசல். கதவே இல்லாத கொட்டிலுக்குள் இருந்து அவற்றைச் சொல்லிச் சிரித்தோம். அந்த மனிதர் யாரென்று எனக்கு விளங்கியது கடல் கடந்து பல காலம் வாழ்ந்த பின்புதான்.

அவரும் தூர தேசத்தில் வாழ்ந்தவர். பாபிலோனியர் எருசலேமை அழித்து ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழிந்திருந்தன. அகலியாவின் மகனான நெகேமியா, சூசான் அரண்மனையில் பாரசீக மன்னன் அர்தசஷ்டாவின் பானபாத்திரக்காரர். மன்னன் அருந்தும் திராட்சரசம் அவர் கையால் போகும். முழு நம்பிக்கைக்கு உரியவருக்கே அந்த வேலை கிடைக்கும். வசதியான வாழ்வு. கி.மு. 445ஆம் ஆண்டளவில் அவருடைய சகோதரன் ஆனானி யூதாவிலிருந்து வந்தபோது, ஊர் எப்படி இருக்கிறது என்று அவரே விசாரித்தார். மதில் இடிந்து கிடக்கிறது, வாசல்கள் தீயில் எரிந்துபோயின, எஞ்சிய சனங்கள் சிறுமையில் இருக்கிறார்கள் என்ற பதில் வந்தது. அவர் உட்கார்ந்து அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார்.

அந்த ஜெபத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நகரம் அழிந்தபோது அவர் பிறந்திருக்கவே இல்லை. பிழையெல்லாம் முன்னோர் மேல், அல்லது பாபிலோனியர் மேல் என்று அவர் முறையிட்டிருக்கலாம். அவரோ தம்மையும் தம் தகப்பன் வீட்டையும் பாவம் செய்தவர்களுக்குள் சேர்த்து அறிக்கையிட்டார். போருக்குப் பின் எங்களில் எவரும் பிழை யாருடையது என்று சொல்லத் தயங்கியதில்லை. தன்னையும் சேர்த்துச் சொன்னவர்களை நான் அதிகம் கண்டதில்லை. நானும் சொன்னதில்லை.

கிஸ்லே மாதத்தில் தொடங்கிய ஜெபம் நிசான் வரை, நான்கு மாதம் நீண்டது. ஒருநாள் மன்னன் அவருடைய முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டபோது நெகேமியா மிகவும் பயந்தார். பயத்துக்குக் காரணம் உண்டு. எருசலேமில் நடந்த கட்டுமான வேலையை முன்பு நிறுத்தச் சொன்னவன் இதே அர்தசஷ்டா என்பது எஸ்றாவின் புத்தகத்தில் இருக்கிறது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் மனதுக்குள் ஒரு கண நேர ஜெபம். பின்பு அவர் கேட்டவற்றைப் பாருங்கள்: விடுமுறைக்குக் காலவரை, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள், மரம் தரும்படி வனக்காவலன் ஆசாப்புக்கு ஒரு கடிதம். நான்கு மாதமும் அவர் ஜெபித்தபடியே கணக்கும் போட்டிருக்கிறார்.

எருசலேமுக்கு வந்து மூன்று நாள் அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இரவில் சிலரோடு மட்டும் புறப்பட்டு, இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் ஏறிவந்த மிருகம் நடக்கவும் வழியில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்ததும் இதைத்தான். ஆனால் மீள்குடியேற்ற காலத்தில், 2010இல், சேர்த்த காசோடு ஊருக்கு வந்த நான், பார்க்குமுன் பேசினேன். பிள்ளைகளுக்குக் கணினி வேண்டும் என்று முன்கூட்டியே முடிவெடுத்து வாங்கியும் வந்திருந்தேன். அங்கே மின்சாரம் வந்திருக்கவில்லை. பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவில்லை. மூன்று நாள் வாய் மூடியிருக்க எனக்குத் தெரியவில்லை.

மதில் கட்டியவர்களின் பட்டியல், வாசிக்கச் சலிப்பூட்டும் அதிகாரம் என்று பலர் தாண்டிவிடுவர். பிரதான ஆசாரியன் எலியாசிப் ஆட்டு வாசலைக் கட்டினான். தட்டாரும் தைலக்காரரும் கல் சுமந்தார்கள். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டினார்கள். தெக்கோவா ஊரார் கட்டினார்கள். அவர்களுடைய பிரபுக்களோ கழுத்துக் கொடுக்கவில்லை என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. எருசலேமின் பாதி மாவட்டத்துக்குத் தலைவனான சல்லூமோடு அவனுடைய மகள்மாரும் கட்டினார்கள். அந்தப் பெண்களின் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் கட்டினார்கள் என்பது 2,400 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. ரீச்சர் இந்த வசனத்தை இரண்டு முறை வாசிப்பார்.

சன்பல்லாத்தும் தொபியாவும் கேலி செய்தார்கள்; நரி ஏறினாலே இந்த மதில் விழும் என்றான் தொபியா. பின்பு தாக்கத் திட்டமிட்டார்கள். (சன்பல்லாத்து கற்பனை ஆளல்லன். எகிப்தின் எலிபந்தைன் தீவில் கிடைத்த கி.மு. 407ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று அவனைச் சமாரியாவின் ஆளுநராகக் குறிக்கிறது.) நெகேமியா ஜெபித்தார், காவலும் வைத்தார். ஒரு கையில் வேலை, மறு கையில் ஆயுதம். எலூல் 25ஆம் நாள், 52 நாட்களில் மதில் முடிந்தது.

மதிலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஐந்தாம் அதிகாரம். வேலை நடக்கும்போதே சனங்களும் அவர்களுடைய மனைவிமாரும் கூக்குரலிட்டார்கள். தானியத்துக்காக வயலையும் வீட்டையும் ஈடு வைத்தாயிற்று. பிள்ளைகளை அடிமைகளாக்க வேண்டியதாயிற்று. கடன் கொடுத்தவர்களோ சொந்தச் சகோதரர். நுண்கடனில் எமது மாவட்டங்களின் பெண்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். நெகேமியா கோபம் கொண்டார். உடனே கத்தாமல் மனதுக்குள் ஆலோசித்து, பிறகு பிரபுக்களைச் சபையில் நிறுத்தினார். தாமும் தம் ஆட்களும் பணமும் தானியமும் கடன் கொடுத்திருப்பதை அங்கேயே ஒப்புக்கொண்டார். வயல்களும் தோட்டங்களும் வட்டியும் திரும்பக் கொடுக்கப்பட்டன. சூசானில் ஜெபித்த மனந்திரும்புதல் இங்கே கணக்குப் புத்தகத்துக்கு வந்தது. ஆளுநருக்குரிய படியை 12 ஆண்டுகளும் அவர் வாங்கவில்லை. தினமும் 150 பேர் அவர் பந்தியில் உண்டார்கள்.

பின்பு தண்ணீர் வாசலுக்கு முன் எஸ்றா நியாயப்பிரமாணத்தை விடியலிலிருந்து நண்பகல் வரை வாசித்தார். ஆண்களும் பெண்களும் கேட்டு அழுதார்கள். அன்று அழ வேண்டாம், உண்டு, இல்லாதவருக்கும் அனுப்புங்கள் என்று சொல்லப்பட்டது. அறிக்கையிடும் நாள் அதே மாதம் 24ஆம் தேதி வந்தது. கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவதாக எழுதி முத்திரையும் போட்டார்கள்.

அந்தக் கீழ்ப்படிவு நிலைக்கவில்லை. நெகேமியா மன்னனிடம் போய்த் திரும்பியபோது, ஆலய அறை ஒன்று தொபியாவுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பங்கு கிடைக்காத லேவியர் வயலுக்குப் போயிருந்தார்கள். ஓய்வுநாளில் வியாபாரம் நடந்தது. தொபியாவின் தட்டுமுட்டுகளை அவர் வெளியே எறிந்தார். ஓய்வுநாளில் வாசல்களைப் பூட்டுவித்தார். பிறசாதிப் பெண்களை மணந்த சிலரை அடித்து மயிரைப் பிடுங்கினார். இந்தக் கடைசிச் செயலை என்னால் பாடமாக ஏற்க முடியவில்லை. அவர் அதை மறைக்காமல் எழுதியதை மட்டும் மதிக்கிறேன்.

அவருடைய மரணம் பற்றியோ கல்லறை பற்றியோ நூலில் ஒரு வரியும் இல்லை. கடைசியில் அவர் குறிப்பிடும் காரியம், பலிபீடத்துக்கு விறகு உரிய காலத்தில் வந்து சேரவும் முதற்பலன்களுக்கும் ஒழுங்கு செய்ததைத்தான். அதன்பின் தம்மை நன்மையாக நினைத்தருளும்படி ஆண்டவரிடம் ஒரு சிறு வேண்டுதல். அத்தோடு நூல் முடிகிறது.