கப்பலுக்குக் கேட்ட பணம்

பொன்முடி மலையுச்சியில் பனி விலகக் காத்திருந்தோம். நண்பரொருவர் கட்சியொன்றின் தேர்தல் நிதி வேண்டுகோளை உரக்கப் படித்தார். மானம், மரபு, தாய்மண் என்று சொற்கள் அடுக்கி வந்தன. பணம் கேட்க இத்தனை அலங்காரம் எதற்கென்று சிலர் நகைத்தனர். என் நெஞ்சோ வ.உ.சிதம்பரனாரிடம் சென்றது.

1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, தூத்துக்குடியில் வழக்கறிஞராக விளங்கியவர் அவர். கொழும்புக்குச் செல்லும் கப்பல் வழியோ ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்தது. அதை எதிர்த்து 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய்.

அவர் யாரிடம் கேட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கொற்கையின் முத்துப் புகழைக் கேட்டு வளர்ந்த கரை அது. அங்கே கப்பல் என்பது வெறும் வாணிகமன்று, பறிபோன உரிமை. தலைவராக அமர்ந்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். அந்தப் பெயரே தமிழறிந்தார்க்கு ஒரு பிணை. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் தந்தார். இலாபக் கணக்கு மட்டும் பேசியிருந்தால் இத்தனை கைகள் நீண்டிருக்குமா?

1907-இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசப் பயணமும் குடையும் தந்ததாகக் கூறுவர். 1908-இல் அரசு அவரைச் சிறையிலிட்டுச் செக்கிழுக்க வைத்தது. 1911-இல் கம்பெனி கலைந்தது. 1912 இறுதியில் விடுதலையானவரை வறுமை வரவேற்றது.

தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிய நிதி காந்தியடிகளிடம் இருந்தது. அது குறித்துச் சிதம்பரனார் கடிதங்கள் எழுதினார்; 1916-இல் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது. பெருந்தொகையன்று, ஆனால் கடல் கடந்தும் மறக்காத உள்ளங்கள் தந்தது. 1936 நவம்பர் 18-ஆம் நாள் அவர் மறைந்தார்.

நிதிக்கு வரும் சொல் நம் வரலாற்றைத் தொட்டால் நெஞ்சு நெகிழும், அதில் நாணமில்லை. ஆயினும் கேட்பவர் தம் வாழ்வையும் அதே சொல்லுக்கு ஈடாக வைத்தாரா, பெற்ற காசு சேரவேண்டிய கைக்குச் சேர்ந்ததா என்ற இரு கேள்விகளைக் கேட்ட பின்பே நாம் பையைத் திறக்க வேண்டும். சிதம்பரனார் கப்பலை இழந்தார். ஆனால் அவரைக் குறித்து முதற்கேள்வியை எழுப்ப எவர்க்கும் நா எழாது.