விக்டர் ஹார்ஸ்லி

சர் விக்டர் ஹார்ஸ்லி (ஏப்ரல் 14, 1857 – ஜூலை 16, 1916) இலண்டனில் பிறந்த அறுவை மருத்துவர் ஆவார். நரம்பு அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

தண்டுவட அறுவை

எக்சு-கதிர்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1887 ஜூன் 9 அன்று, தண்டுவடத்தை அழுத்திய கட்டியொன்றை இவர் அகற்றினார். கட்டியின் இருப்பிடத்தை வில்லியம் கோவர்சு நோய்க்குறிகளைக் கொண்டே கணித்திருந்தார். கால்கள் செயலிழந்திருந்த நோயாளி மீண்டும் நடந்தார்.

எலும்பு மெழுகு

தண்டுவடத்தை அடைய முதுகெலும்பை வெட்ட வேண்டும். தசையில் குருதிக்குழாயைக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தலாம். எலும்பில் அது இயலாது. இதற்காகத் தேன்மெழுகு, பாதாம் எண்ணெய், சாலிசிலிக் அமிலம் ஆகியவற்றைக் கலந்து ஹார்ஸ்லி உருவாக்கிய மெழுகு பற்றிய குறிப்பு 1892இல் வெளிவந்தது. வெட்டப்பட்ட எலும்பின் நுண்துளைகளில் மெழுகை அழுத்தினால் குருதி நிற்கும்.

இறுதிக்காலம்

1902இல் சர் பட்டம் பெற்றார். முதல் உலகப்போரின்போது, இந்தியப் படைவீரர் பெருமளவில் போரிட்ட மெசொப்பொத்தேமியாவுக்கு (இன்றைய ஈராக்) 1916இல் சென்றார். அங்கே மருத்துவப் பொருட்களுக்குக் கடும் பற்றாக்குறை நிலவியது. அக்குறைகளைச் சுட்டிக்காட்டி வந்த ஹார்ஸ்லி, அமாரா நகரில் கடும் வெப்பத்தால் நோயுற்று இறந்தார். அவர் அறிமுகப்படுத்திய எலும்பு மெழுகு, கலவையில் மாற்றங்களுடன், முதுகெலும்பு அறுவைக்கு எடுத்துவைக்கப்படும் பொருட்களில் இன்றும் இடம்பெறுகிறது.