மருதையாறு கேட்ட கேள்வி



பரீட்சைக்குச் சிலபஸ் உண்டு. வாழ்க்கைக்குக் கிடையாது. கேள்வி எப்போ வரும், எந்தப் பக்கத்திலிருந்து வரும்னு யாருக்கும் தெரியாது. அப்படி வந்த கேள்விகளுக்கு அசராமல் நின்ற ஒருவரை நினைக்கும்போதெல்லாம் நான் எவ்வளவு தயார் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் வாழ்க்கையில் நம்ம அரியலூருக்கும் ஓர் இடம் உண்டு.

1904 அக்டோபர் 2-ல் முகல்சராயில் பிறந்தார். ஒன்றரை வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்வழி உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1921-ல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுப் பள்ளியை விட்டார். பின்னர் காசி வித்யாபீடத்தில் படித்துப் பெற்ற பட்டமே சாஸ்திரி. நம்மில் பலர் அதைச் சாதிப் பெயர் என்றே நினைக்கிறோம். சாதிப் பெயரையோ அவர் இளவயதிலேயே உதறிவிட்டார்.

சுதந்திரப் போரில் பல முறை சிறை சென்றவர், 1952-ல் மத்திய ரயில்வே மந்திரியானார். 1956 செப்டம்பரில் மகபூப்நகர் அருகே பெரிய ரயில் விபத்து. ராஜினாமா கொடுத்தார், பிரதமர் நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 23. கடும் மழை. வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும் நம்ம மருதையாறு கரைபுரண்டு ஓடியது. விடியற்காலையில் சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டியதும் பாலத்தில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சாஸ்திரி மீண்டும் ராஜினாமா செய்தார். அவர்மீது தவறில்லை என்று நேருவே நாடாளுமன்றத்தில் சொன்னார். ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே அதை ஏற்றார்.

ஒரு சந்தேகம் வரலாம். ராஜினாமாவால் போன உயிர் திரும்புமா? திரும்பாது. பாலத்தை மந்திரியா கட்டினார்? இல்லைதான். ஆனால் மேலே இருப்பவரே பொறுப்பேற்கும்போது, கீழே லாந்தருடன் மழையில் தண்டவாளம் பார்க்கப் போகும் தொழிலாளி வரை தன் வேலையின் கனம் புரியும்.

பதவியை எப்படி அவரால் ஒரே நாளில் விட முடிந்தது? அதை நம்பி அவர் எதையும் சேர்க்கவில்லை. 1963-ல் காமராஜர் திட்டப்படி மறுபடி மந்திரி பதவியை விட்டார். 1964-ல் நேரு மறைந்ததும் பிரதமர் பொறுப்பே தேடி வந்தது. உணவுப் பஞ்சம், நம் மாநிலத்தில் மொழிப் போராட்டம், பாகிஸ்தானுடன் போர் எல்லாம் ஒரே ஆண்டில், 1965-ல் சூழ்ந்தன. வாரம் ஒரு வேளை உணவை விடும்படி நாட்டைக் கேட்குமுன், தன் வீட்டில் அதைச் செய்து பார்த்தார். 1966 ஜனவரி 10-ல் தாஷ்கண்டில் சமாதான ஒப்பந்தம். மறுநாள் அதிகாலை அங்கேயே மறைந்தார். கார் வாங்கிய வங்கிக் கடன்கூட அப்போது தீரவில்லை.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் பாலம் கட்டுவோம். சிலர் இயந்திரம் ஓட்டுவோம். காய்ந்த ஆற்றைப் பார்த்து அஸ்திவார ஆழத்தைக் குறைக்கச் சொல்லும் ஆள் கட்டாயம் வருவார். அன்று முடியாதுன்னு சொல்லும் தெம்பு நமக்கு வேண்டும். வேலை போயிடுமேன்னு பயப்படாத அளவுக்குத் தேவைகளைச் சுருக்கி வாழ்ந்தால் அந்தத் தெம்பு தானாக வரும். சாஸ்திரியிடம் நான் கற்றது இதுதான்.